மிகையான பாரம் எது? மாற்றுத்திறனாளியின் பணியிட வசதியும் முதலாளியின் செலவும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில், மலையேற்றம் தொடங்கும் காரவள்ளிக்கு முன்னே இருப்பது காளப்பநாயக்கன்பட்டிப் பேரூராட்சி. மலையில் விளையும் மரவள்ளிக்கிழங்கை அரைக்கும் சேகோ ஆலைகள், கோழிப்பண்ணைகள், லாரிப் பட்டறைகள், பள்ளிக்கூடங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், பேரூராட்சி அலுவலகம் ஆகியவையே அந்த வட்டாரத்தில் ஒருவருக்கு மாதச் சம்பளமோ தினக்கூலியோ கொடுக்கக்கூடிய இடங்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு, கால் ஊனமுற்ற ஒருவரோ செவிப்புலன் அற்ற ஒருவரோ வேலை கேட்டு வந்து, இன்ன மாறுதலைச் செய்து கொடுத்தால் மற்றவர்களைப்போல் என்னாலும் உழைக்க முடியும் என்று சொல்வாரானால், அந்த மாறுதலுக்கு ஆகும் செலவை யார் ஏற்பது, எந்த எல்லை வரையில் ஏற்பது, எல்லை கடந்துவிட்டது என்பதை யார் நிரூபிப்பது என்னும் கேள்விகள் உடனே எழுகின்றன. இக்கேள்விகளுக்கு நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் பொருளாதார நிபுணர்களும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக விடை சொல்லி வருகிறார்கள். அவ்விடைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தையும் பெரிய ஸ்தாபனங்களையும் மனத்தில் கொண்டு பிறந்தவை. ஐந்து பேரும் பத்துப் பேரும் வேலை செய்யும் இடங்கள் மிகுந்த ஒரு மலையடிவார ஊரில் அவை எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த விதம்

செலவு மிகையாகும்போது கடமை நின்றுவிடும் என்னும் நியதி முதலில் ஊனமுற்றோரை முன்னிட்டு ஏற்பட்டதன்று. வார ஓய்வு நாளை மத நம்பிக்கையால் அனுஷ்டிக்கும் தொழிலாளிக்கு முதலாளி இடம் கொடுக்கவேண்டும், ஆனால் அதனால் மிகையான சிரமம் நேருமானால் கொடுக்கவேண்டியதில்லை என்று அமெரிக்காவின் சிவில் உரிமைச் சட்டத்தில் 1972இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, ஹார்டிசன் என்பவர் ஒரு விமானக் கம்பெனியின்மீது தொடுத்த வழக்கில், அற்பச் செலவுக்குச் சற்று மேற்பட்டாலும் அது மிகையே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியபோது, கடமை பெயரளவில் நின்றதே தவிர அதன் சாரம் போய்விட்டது.

அதே 1977ஆம் ஆண்டில் ஊனமுற்றோருக்கான விதிகளும் வெளிவந்தன. 1973இன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவுக்கு விதிகள் எழுதப்படாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைக் கண்டு மனம் நொந்த மாற்றுத்திறனாளிகள், சான்பிரான்சிஸ்கோ நகரத்து மத்திய அரசாங்கக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே தங்கிப் போராடிய பிறகுதான் அமைச்சர் கையெழுத்திட்டார். அந்த விதிகளில், மிகையான பாரத்தை அளக்கும்போது ஸ்தாபனத்தின் அளவு, வேலையின் தன்மை, மாறுதலின் செலவு ஆகியவற்றைக் கருதவேண்டும் என்று எழுதப்பட்டது. 1990இல் நிறைவேறிய அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் இதனை விரிவாக்கி, குறிப்பிடத்தக்க சிரமமோ செலவோ ஏற்பட்டாலன்றி முதலாளி தப்ப முடியாது என்று நிர்ணயித்ததுடன், பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களை விட்டுவிட்டது. மத விஷயத்தில் இருந்த தாழ்ந்த அளவுகோலை உயர்த்த 2023வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பூர்வோத்தரம் தெரிந்தால்தான், எல்லையை முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் தேடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

செலவுக்கு எதிரே பயனை வைத்தல்

முதல் கட்சியார், செலவை மட்டும் பார்த்தால் போதாது, அதனால் விளையும் பயனோடு அதனை ஒப்பிட வேண்டும் என்பர். இக்கொள்கையின் தெளிவான வடிவம் 1995இல் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய வாண்டே சாண்டே வழக்குத் தீர்ப்பில் இருக்கிறது. விஸ்கான்சின் மாநில நிர்வாகத் துறையில் சக்கர நாற்காலியில் இருந்து பணியாற்றிய ஒரு பெண்மணி, அலுவலகச் சிற்றுண்டி அறையின் தண்ணீர்த் தொட்டி 36 அங்குல உயரத்தில் இருப்பதால் தமக்கு எட்டவில்லை என்றும் 34 அங்குலமாகத் தாழ்த்தித் தரவேண்டும் என்றும் கேட்டார். அவருடைய தளத்தில் மட்டும் அதைச் செய்ய 150 டாலர் போதும். கட்டடம் முழுவதும் செய்தாலும் இரண்டாயிரம் டாலர் அளவுதான் ஆகும். துறை மறுத்தது. குளியலறையில் எட்டக்கூடிய தொட்டி ஒன்று இருக்கிறது, கோப்பையை அங்கே கழுவிக்கொள்ளலாம் என்றது. போஸ்னரும் அதனை ஏற்றார். ஊனமுற்றவருக்கும் மற்றவர்களுக்கும் வேலைச் சூழ்நிலை முற்றும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சிறு தொகையைக்கூடச் செலவழிக்கும் கடமை முதலாளிக்கு இல்லை என்பது அவருடைய முடிவு.

இந்தத் தீர்ப்பின் தர்க்கம் நேர்த்தியானது. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. ஒரு பக்கத்தில் வைத்தது 150 டாலர் என்னும் திட்டமான தொகை. மறு பக்கத்தில் வைக்கவேண்டியது, சகஊழியர்கள் எல்லாரும் கோப்பை கழுவிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தை விட்டு ஒருவர் மட்டும் குளியலறைக்கு அனுப்பப்படுவதன் அவமானம். ரூபாயிலும் டாலரிலும் மதிப்பிட முடியாதது இல்லாததாகவே ஆகிவிடும் அபாயம் இவ்வகை ஒப்பீட்டில் எப்போதும் உண்டு.

அதே ஆண்டில் நியூயார்க் பகுதியின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கைடோ கலாப்ரேசி, பயன் செலவு ஒப்பீட்டைக் கைவிடாமலேயே அதன் கூர்மையை மாற்றினார். தலையில் அடிபட்டதன் விளைவாக வகுப்பை அடக்கி நடத்த முடியாமல் தவித்த ஓர் ஆசிரியை உதவியாளர் ஒருவரைக் கேட்ட வழக்கு அது. மேலோட்டமாகப் பார்த்து ஏற்கத்தக்க ஓர் ஏற்பாட்டைத் தொழிலாளி எடுத்துக்காட்டினால் போதும், அதற்குப் பிறகு அது தாங்க முடியாதது என்று நிரூபிக்கும் சுமை முதலாளியையே சாரும் என்று அவர் வகுத்தார். கணக்குப் புத்தகம் முதலாளியிடம் இருக்கும்போது கணக்கைக் காட்டவேண்டியவரும் அவரே என்னும் நியாயம் இதில் அடங்கியிருக்கிறது.

இவ்விரண்டுக்கும் முந்தியதான 1983ஆம் வருஷத்துப் பென்சில்வேனியா வழக்கொன்று இன்னும் அதிகக் கவனத்துக்கு உரியது என்பது எம் அபிப்பிராயம். அம்மாநிலத்துச் சமூக நலத் துறையில் பணியாற்றிய பார்வையற்ற ஊழியர்கள், மலைபோல் வந்து குவியும் விண்ணப்பங்களைப் படித்துச் சொல்ல ஆட்களைத் தங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்தே அமர்த்திக்கொண்டிருந்தார்கள். அரைநேர வாசிப்பாளர் ஒருவரைத் துறையே கொடுத்தால் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 6,600 டாலர் ஆகும்; துறையின் வரவு செலவோ 30 கோடி டாலர் அளவினது. இவ்வளவு பெரிய நிதியில் இந்தச் செலவு மிகையாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. இந்த வழக்கு வெளிப்படுத்தும் உண்மை ஒன்று உண்டு: வசதி மறுக்கப்படும்போது செலவு மறைந்துபோவதில்லை. அது ஊனமுற்றவரின் பணப்பைக்கு இடம் மாறுகிறது.

ஸ்தாபனத்தின் சக்தியை அளத்தல்

இரண்டாம் கட்சியார் பயனைத் தராசில் ஏற்றுவதையே விரும்புவதில்லை. வசதி தேவை என்று ஏற்பட்டபின், ஸ்தாபனத்தால் தாங்க முடியுமா என்பது ஒன்றே கேள்வி என்பர். கனடா உச்ச நீதிமன்றம் இந்த வழியில் வெகுதூரம் சென்றது. சட்டம் விலக்குவது மிகையான பாரத்தை மட்டுமே ஆதலால் ஓரளவு பாரத்தை முதலாளி சுமந்தே தீரவேண்டும் என்று அது கூறியது. 1999இல், பார்வைக் குறையுள்ள ஒருவருக்கு ஓட்டுநர் உரிமம் மறுக்கப்பட்ட கிரிஸ்மர் வழக்கில், தனித்தனியே சோதித்துப் பார்க்கச் செலவாகும் என்னும் பொத்தாம்பொதுவான ஆட்சேபம் செல்லாது, தொகையும் சாட்சியமும் வேண்டும் என்று வற்புறுத்தியது.

2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையும் இக்கொள்கைக்கு அருகில் நிற்கிறது. 2018இல் அதன் குழு வெளியிட்ட விளக்கத்தில், நிரூபிக்கும் சுமை கடமைப்பட்டவருக்கே என்பதும், ஒரு கிளையின் நிதியை மட்டும் பாராமல் ஸ்தாபனத்தின் மொத்தச் சொத்தையும் பொது உதவியையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதும் சொல்லப்பட்டன.

இக்கொள்கையின் பலவீனம் இரு கோடிகளில் தெரிகிறது. ஒரு கோடியில் இங்கிலாந்தின் கார்டெல் வழக்கு. கசகஸ்தானுக்கு நியமனம் பெற்ற, செவிப்புலன் அற்ற ஓர் இராஜதந்திரிக்கு உதட்டசைவு மூலம் பேச்சை உணர்த்தும் உதவியாளர்களை அனுப்ப ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் பவுன் ஆகும் என்று கணக்கிடப்பட்டு, அது நியாயமன்று என்று 2011இல் முடிவாயிற்று. முழு அரசாங்கத்தின் நிதியோடு ஒப்பிட்டால் அத்தொகை ஒரு துளி. ஒருவருடைய சம்பளத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு. எதனோடு ஒப்பிடுவது என்பதைச் சக்தியை அளக்கும் கொள்கை தானாகச் சொல்வதில்லை. மறு கோடியில் நிற்பவர் சிறு முதலாளி. அவருடைய சக்தி குறைவு என்பதால் எல்லாச் செலவும் மிகையாகிவிடக்கூடும். அப்படியானால் சிறு ஆலைகளே நிறைந்த ஊரில் பிறந்த ஊனமுற்றவருக்கு, சட்டம் இருந்தும் உரிமை இல்லை.

பொருளாதார நிபுணர்களின் எச்சரிக்கை

செலவை முதலாளியின்மேல் சுமத்தினால் அவர் ஊனமுற்றவரை வேலைக்கே எடுக்கமாட்டார் என்னும் வாதம் பழையது. 2000இல் தாமஸ் டிலியரும், 2001இல் டேரன் அசெமோக்லு, ஜோஷுவா ஆங்ரிஸ்ட் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் அதற்குப் புள்ளிவிவர பலம் தந்தன. அமெரிக்கச் சட்டம் அமலுக்கு வந்தபின் ஊனமுற்ற ஆண்களின் வேலைவாய்ப்புக் குறைந்தது என்பது அவர்கள் கண்டது. இதற்கு மறுப்பும் விரைவில் எழுந்தது. ஊனம் என்பதை எப்படி வரையறுக்கிறோமோ அதற்கேற்ப முடிவும் மாறுகிறது என்று டக்ளஸ் குரூஸ், லிசா ஷூர் ஆகியோர் 2003இல் காட்டினர். வேலையை விட்டுப் படிக்கச் சென்றவர்களும் கணக்கில் குறைவாகத் தோன்றக்கூடும் என்றார் கிறிஸ்டின் ஜால்ஸ்.

மற்றொரு பக்கத்தில், முதலாளிகளுக்கு ஆலோசனை கூறும் அமெரிக்க அமைப்பொன்று பல ஆண்டுகளாக நடத்திவரும் விசாரணையில், மாறுதல்களில் ஏறத்தாழப் பாதிக்கு ஒரு செலவும் ஆவதில்லை என்றும் மற்றவற்றுக்குச் சில நூறு டாலர்களே ஆகின்றன என்றும் தெரிகிறது. ஆயினும் அதற்கு விடையளித்தவர்கள் ஆலோசனை தேடி வந்த முதலாளிகள். தேடாதவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்த விவாதம் முழுவதும் பெரும்பாலும் ஒரே தேசத்தின் கணக்குகளைக் கொண்டு நடந்தது என்பதையும், நம் நாட்டுக்கு அதனை அப்படியே பொருத்துவதற்கு ஆதாரம் போதாது என்பதையும் மறக்கலாகாது.

இந்தியச் சட்டத்தின் இரு முகங்கள்

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் நியாயமான வசதி என்னும் கருத்தைப் பெயர் சொல்லி வகுக்கவில்லை. ஆனால் அதன் 47ஆம் பிரிவு வேறு எந்தத் தேசத்துச் சட்டத்திலும் எளிதில் காணமுடியாத ஒரு கடமையை விதித்தது. உத்தியோகத்தில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கக்கூடாது. அவர் செய்யக்கூடிய வேறு வேலைக்கு அதே சம்பளத்தோடு மாற்றவேண்டும். வேலை இல்லாவிட்டால் உபரிப் பணியிடம் ஒன்றை உண்டாக்கி, தகுந்த இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும் வயதுவரை அதில் வைத்திருக்கவேண்டும். கால் இழந்த ஒரு காவலர் சம்பந்தமான குணால் சிங் வழக்கில், இது விருப்பத்தைப் பொறுத்ததன்று, கட்டாயக் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2003இல் உறுதிப்படுத்தியது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் அமர்வு ஒன்று, நிறக்குருடு ஏற்பட்டதால் வேலை இழந்த மதுரை அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் முத்து என்பவரின் வழக்கில், சட்டம் பட்டியலிட்ட ஊனங்களுள் நிறக்குருடு இல்லையென்றாலும் 47ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்கு உண்டு என்றது. பஸ் ஓட்ட முடியாதவரைப் பணிமனையிலோ அலுவலகத்திலோ அமர்த்தி ஓட்டுநரின் சம்பளத்தையே கொடுப்பது கழகத்துக்குச் செலவுதான். எனினும், அரசாங்கம் விசேஷமாக விலக்கு அளித்தாலன்றி, செலவு மிகை என்று சொல்லித் தப்புவதற்கு அப்பிரிவில் இடமே இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருப்பது, இக்கடமையை 20ஆம் பிரிவில் காப்பாற்றியதோடு, ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் வாசகத்தைத் தழுவி நியாயமான வசதியை வரையறுத்து, மிகையான பாரம் என்னும் எல்லையையும் கொண்டுவந்தது. இதனால் ஒரு வினோத நிலைமை உண்டாயிற்று. உள்ளே இருக்கும்போது ஊனமுற்றவருக்குச் செலவு எவ்வளவாயினும் இடம் உண்டு. ஊனத்தோடு வெளியே நின்று கதவைத் தட்டுபவருக்குச் செலவு அளந்து பார்க்கப்படும். அனுபவமுள்ள ஊழியரைக் காப்பாற்றுவதில் தனி நியாயம் இருக்கலாம். ஆனால் பிறவியிலேயே ஊனமுற்றவர் என்றும் வெளியே நிற்பவர் என்பதால் அந்த நியாயம் அவரைத் தொடுவதே இல்லை.

மேலும், நியாயமான வசதியை அளிக்கவேண்டும் என்று 20ஆம் பிரிவு வெளிப்படையாகக் கட்டளையிடுவது அரசு ஸ்தாபனங்களுக்கு மட்டுமே. தனியாருக்குச் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடும் கடமை 21ஆம் பிரிவில் உண்டு; வசதி மறுப்பது பாகுபாட்டில் அடங்கும் என்று வரையறைப் பிரிவும் கூறுகிறது. இவ்விரண்டையும் சேர்த்து வாசித்தால் தனியார் முதலாளியும் கட்டுப்பட்டவரே என்று ஒரு சாரார் கருதுகின்றனர். தனியே சொல்லாத கடமையை ஊகித்து ஏற்ற முடியாது என்பது மறுசாரார் கட்சி. முன்னதே சட்டத்தின் நோக்கத்துக்கு இசைந்தது என்று தோன்றினாலும், விஷயம் ஐயமறத் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

மிகையான பாரத்தை எவ்வாறு அளப்பது என்பதற்குச் சட்டத்திலும் 2017ஆம் ஆண்டு விதிகளிலும் ஒரு குறிப்பும் இல்லை. எழுத்துப் பிடிப்பு என்னும் நோயால் கை எழுத இயலாத ஒருவர் தேர்வு எழுத உதவியாளர் கேட்ட விகாஸ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் நீதிபதி டி. ஒய். சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, ஒவ்வொருவரின் தேவையையும் அவரவரோடு கலந்து பேசித் தனித்தனியே தீர்மானிக்கவேண்டும் என்று நெறி வகுத்தது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கு, கட்டடமும் பேருந்தும் இணையமும் எல்லாருக்கும் எட்டும்படி முன்கூட்டியே அமைப்பது வேறு, ஒருவருக்கென்று பின்னர் செய்யும் மாறுதல் வேறு என்று பிரித்துக் காட்டியது. இவை சிறந்த தீர்ப்புகள். ஆனால் இவ்வழக்குகளில் எதிரே நின்றவர்கள் அரசாங்கமும் அரசின் தேர்வாணையமுமே. பன்னிரண்டு பேரை வைத்து நடத்தும் ஒரு சேகோ ஆலை முதலாளி நீதிமன்றத்தில் வந்து தம் கணக்கை விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அவற்றில் விடை தேடிப் பயனில்லை.

அந்த ஆலையை எடுத்துக்கொள்வோம். ஈர மாவைக் களத்தில் பரப்பிக் கிளறும் வேலையைக் காலில் பலமில்லாதவர் செய்ய முடியாது. எடை போட்டு மூட்டை தைக்கும் வேலையை உட்கார்ந்து செய்யலாம். அதற்கு வேண்டியது ஒரு மேசையும் ஆள் மாற்றமும். செவிப்புலன் அற்றவர் இயந்திரத்தருகில் நின்றால் மணி ஓசைக்குப் பதிலாக ஒரு விளக்கு எரியவேண்டும். கோழிப்பண்ணையில் முப்பது முப்பதாக முட்டை அடுக்கும் அட்டைகளைக் கட்டுவதற்கு ஒரு மாறுதலும் தேவைப்படாமல் போகலாம். ஆனால் கழிப்பறையை மாற்றிக் கட்டுவது, படிகளை நீக்கிச் சாய்தளம் போடுவது, பார்வையற்ற கணக்கருக்குத் திரை வாசிக்கும் கருவிகள் வாங்குவது ஆகியவை உண்மையான செலவுகள். இவ்விரு வகைகளையும் பிரித்துப் பாராமலே முதலாளிகள் பயப்படுகிறார்கள். பிரித்துக் காட்ட அவர்களிடம் யாரும் செல்வதில்லை. சட்டத்தை முதன்முறை மீறினால் அபராதம் பத்தாயிரம் ரூபாய்வரை மட்டுமே என்பதையும் சேர்த்து நினைத்தால், சாய்தளம் கட்டுவதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்று யாரேனும் கணக்கிட்டால் அதைத் தடுக்க அந்த முதல் அபராதத்துக்குப் பலமில்லை.

பொதுநிதி என்னும் வழி

மூன்றாம் கட்சியார் கேள்வியையே வேறிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்: தனி முதலாளிமேல் செலவு ஏன் விழவேண்டும்? பிரிட்டனில் 1994முதல் நடக்கும் ஒரு திட்டத்தின்படி கருவி, உதவியாளர், பயணம் ஆகியவற்றுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இருபது பேருக்குக் குறைந்த முதலாளிகளுக்கு முதலில் அளித்த விலக்கைப் பிரிட்டன் 2004இல் அடியோடு நீக்க முடிந்ததற்கு இந்த ஏற்பாடும் துணையாயிருந்திருக்கலாம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் குறிப்பிட்ட விகிதத்தில் ஊனமுற்றோரை எடுக்காத ஸ்தாபனங்கள் தண்டத்தொகை செலுத்த, அந்த நிதியிலிருந்து எடுத்தவர்களுக்கு உதவி வழங்கப்படுகிறது. பணத்தைக் கட்டிவிட்டு ஆளை எடுக்காமல் இருப்பவர்கள் பலர் என்பது அங்கெல்லாம் எழும் குறை. பிரிட்டனில் விண்ணப்பங்கள் தேங்கிக் கிடக்கின்றன என்பது புகார்.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதன்று. ஆலையில் கை இழந்தவருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அந்தந்த முதலாளிமீது வைத்தது. கால் நூற்றாண்டு அனுபவத்துக்குப் பிறகு, 1948இல் தொழிலாளர் அரசு இன்சூரன்ஸ் சட்டம் அதனை எல்லாரும் சந்தா செலுத்தும் பொதுநிதிக்கு மாற்றியது. விபத்தில் விளைந்த ஊனத்துக்கு நஷ்டஈட்டைப் பொதுவாக்கிய தேசம், ஊனமுற்றவர் உழைப்பதற்கு வேண்டிய வசதியின் செலவை மட்டும் இன்னும் தனி முதலாளியின் கணக்கிலேயே விட்டுவைத்திருக்கிறது. 2008இல் மத்திய அரசு, மாதம் 25,000 ரூபாய்வரை சம்பளம் பெறும் ஊனமுற்ற ஊழியருக்காகத் தனியார் முதலாளி செலுத்தவேண்டிய வருங்கால வைப்புநிதி, இன்சூரன்ஸ் பங்குகளை மூன்று ஆண்டுகளுக்குத் தானே ஏற்பதாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. சந்தாவைக் குறைத்ததே தவிர, சாய்தளத்துக்கும் கருவிக்கும் அது ஒரு காசும் தரவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, நூற்றுக்கு ஐந்து பேரையாவது மாற்றுத்திறனாளிகளாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஊக்கம் அளிக்கும்படி அரசாங்கங்களைப் பணிக்கிறது. ஆனால் அவற்றின் பொருளாதார சக்திக்கு உட்பட்டே.

தீராமல் நிற்பவை

மூன்று கட்சிகளையும் ஒருசேர நோக்கும்போது, அரசும் பெரிய கம்பெனியும் சம்பந்தப்பட்ட இடங்களில் கலாப்ரேசியின் வழியும் கனடாவின் வழியும் போதுமானவை என்று கருத இடமிருக்கிறது; அங்கே குறைவது பணமன்று, கணக்குக் காட்டும் கட்டாயம். சிறு முதலாளிகள் நிறைந்த ஊர்களில் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் தனி முதலாளியின் சக்தி என்னும் அளவுகோல் ஒன்று தொழிலாளியைக் கைவிடும், அல்லது முதலாளியை நசுக்கும். அங்கே பொதுநிதி இல்லாமல் சட்டத்தின் வாக்குறுதி நிறைவேறும் என்று நம்புவதற்கு இதுவரையில் ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த நிதிக்கு யார் எவ்விகிதத்தில் செலுத்துவது, இன்சூரன்ஸ் சந்தா வலைக்குள் வராத, பத்துப் பேருக்கும் குறைந்த இடங்களை அதில் எவ்வாறு சேர்ப்பது, ஆளை எடுக்காமல் பணத்தைக் கட்டித் தப்புவதை எவ்வாறு தடுப்பது என்பவை இன்னும் விடை காணாதவை.

உள்ளாட்சி அமைப்புகளின் நிலையும் இதே வகையைச் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளாட்சி மன்றமும் அரசு ஸ்தாபனமே. எனவே வசதி செய்து தரும் கடமை காளப்பநாயக்கன்பட்டிப் பேரூராட்சிக்கும் ஐயமின்றி உண்டு. பேரூராட்சி உட்பட எல்லா உள்ளாட்சி மன்றங்களிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் திருத்தம் நிறைவேற்றியது. உறுப்பினர் ஊழியர் அல்லர் என்றாலும், செவிப்புலன் அற்ற ஒருவர் நியமனம் பெற்றால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் நாமக்கல்லிலிருந்தோ சேலத்திலிருந்தோ வரவேண்டியிருக்கும். அந்தச் செலவு மிகையானதா என்பதை அவ்வூரின் வீட்டுவரி வருமானத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானிப்பதா, மாநில அரசின் கஜானாவோடு ஒப்பிட்டுத் தீர்மானிப்பதா என்பதைச் சட்டமும் விதிகளும் சொல்லவில்லை. ஐக்கிய நாடுகள் குழுவின் விளக்கம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. நம் நீதிமன்றங்கள் அதனை உள்ளாட்சிகள் விஷயத்தில் ஏற்குமா என்பது அப்படி ஒரு வழக்கு வரும்போதுதான் தெரியவரும்.